செவிய்யாவுக்குப் போனவ

ஒக்காரும்மா, ஒக்காரு. நீ இன்னாத்துக்கு எழுந்துக்கற? அவரு கத்தனா கத்திட்டுப் போறாரு. துண்டப் போட்டுட்டு டீ குடிக்கப் போனா எடம் அவரு பேருக்குப் பட்டா ஆயிடுமா? கைக்கொழந்தய வெச்சிகினு, அதுவும் இப்பத்தான் மலமேல மொட்ட போட்டு சந்தனம் பூசிகினு வந்த கொழந்தய வெச்சிகினு, அரக்கோணம் வரிக்கும் நீ நின்னுகினு வரணுமா? கண்டக்டரக் கூப்புடட்டும், நான் பேசிக்கறேன். தோ, பாத்தியா, பின்னால பூட்டாரு. அவ்ளோதான் அவரு வீரம்.

நல்லா சாஞ்சி ஒக்காரு. பஸ்ஸு இப்பக் கெளம்பாது. ஆடிக் கிருத்திகைன்னா சும்மாவா? காவடிங்கோ ரோட்ட வுட்டு மலையேறனாதான் டிரைவரு வண்டில ஏறுவாரு.

நான் ஏன் சிரிச்சேனா? ஒன்னப் பாத்து இல்லம்மா. ஒரு சொலவட ஞாபகம் வந்துட்சி. கியேன் ஃபுவே அ செவிய்யா, பெர்தியோ சு சிய்யா. ஐய, கொழந்த முழிக்கறதப் பாரு! தெலுங்கா? தெலுங்கு எனக்கு நல்லாவே வரும், எங்க பக்கம் பாதி ஜனம் தெலுங்குதான். இது அது இல்ல. ஸ்பெயினுன்னு ஒரு தேசம், கடலுக்கு அந்தாண்ட. அவுங்க பேச்சு இது. செவிய்யாவுக்குப் போனவன் சிய்யாவ வுட்டான்னு அர்த்தம். செவிய்யாங்கறது அங்க ஒரு பெரிய டவுனு. சிய்யான்னா நாற்காலி. நீ எழுந்து போன, நான் ஒக்காந்துட்டேன், இனிமே கேக்காதன்னு சொல்றது. அங்க பசங்கோ எடம் புடிக்கறதுக்கு இத்தச் சொல்லித்தான் கத்துமாம்.

எனக்கு எப்டித் தெரியுமா? சிஸ்டர் பிலாருன்னு ஒருத்தவங்க சொல்லிக் குடுத்தாங்கோ. அரக்கோணத்தத் தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி கீது, நெஞ்சு நோவுக்கு. ஆங், டி.பி.தான். அங்க ஒரு வருசத்துக்கு மேல படுத்துகினு இருந்தவ நானு. கொழந்தய அந்தப் பக்கம் மாத்தி வெச்சிக்கறியா? வெச்சிக்கோ. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். பெத்தவ பயந்துதான் ஆவணும்.

ஆங், இந்தப் பொட்டி என்னுதுதான். அங்கதான் போறேன்.

எம்பேரு கோமளவல்லி. அம்மையார்குப்பம். காலைல மொத டவுன் பஸ் புடிச்சி, ஆர்.கே.பேட்டையில கூட்டம் ஏறி, கே.ஜி.கண்டிகையில இன்னும் ஏறி, நசுங்கிகினு வந்து சேந்தேன். எங்களுது நெசவுக் குடும்பம். வூட்டுலயே தறி. எங்க வூட்டுக்காரரு பேரு, அது பெருமாளு பேரு, வாயில வராது, வுடு. வாய் பேசாத மனுசன். காலைல தறிக் குழில எறங்கனாருன்னா இருட்டறப்பத்தான் ஏறுவாரு. பக்கத்துலயே எனக்கு ஒரு பலக, ஒரு ராட்ட. நூல தாருல சுத்திக் குடுக்கறது எம் வேல. தாருன்னா தெரியாதா? இத்தனூண்டு குச்சி, அதுல நூலு சுத்தி, தறில குறுக்கால ஓடற நாடாக்குள்ள வெக்கறது. அது தீந்துபோச்சின்னா அவரு கேக்க மாட்டாரு. திரும்பியும் பாக்க மாட்டாரு. கைய மட்டும் இப்டி பக்கத்துல நீட்டுவாரு. நான் வெப்பேன். கண்ணாலம் ஆன நாள்லேந்து இதான். புருசன் பொஞ்சாதி பேச்சுன்னா எங்களுக்கு அதாம்மா. கொழந்த இல்ல. அது ஒரு கொற. ஆனா அந்தக் கை நீளும்போது எனக்கு ஒரு கொறயும் தெரியாது.

அப்பறம் இரும ஆரம்பிச்சேன். பஞ்சுத் தூசின்னு நெனச்சோம், கஷாயம் குடிச்சோம். ஒரு நாளு ராட்டயில சுத்தன வெள்ள நூலு மேல சேப்பா தெறிச்சிட்சி. அவரு பாத்துட்டாரு. தறிக் குழிலேந்து ஏறி என்னத் தூக்கிகினு ஓடனாரு.

ஆஸ்பத்திரில சேரச் சொல்லிட்டாங்கோ. மாசக்கணக்குல தெனம் ஊசி. வூட்ட யாரு பாக்கறது? சோறு யாரு போடறது, தாரு யாரு சுத்தறது? எங்க நைனாவுக்கு நாந்தான் சொல்லி அனுப்பனேன், அம்சாவ அனுப்பு நைனான்னு. அம்சா எந் தங்கச்சி. அம்மா செத்தப்ப அவளுக்குப் பல்லே மொளைக்கல. எண்ண தேச்சி, சட பின்னி, வயசுக்கு வந்தப்ப குடிசை கட்டி ஒக்கார வெச்சது வரிக்கும் நாந்தான். எம் பலகயில அவள ஒக்கார வெச்சி, நூலு எப்டிப் புடிக்கணும், எவ்ளோ இறுக்கமா சுத்தணும்னு இருமிகினே சொல்லிக் குடுத்துட்டுப் பொட்டியத் தூக்கனேன். பாவாவ நல்லா பாத்துக்கோன்னு சொல்லிட்டு வந்தேன். எங்க பக்கம் அக்கா புருசன பாவான்னுதான் கூப்புடுவாங்கோ. பாத்துகினா.

ஆஸ்பத்திரி நல்லாத்தான் இருந்துது. முட்ட, பாலு, வராண்டாவுல வெயிலு. ஞாயித்துக்கெழமைன்னா எங்க வூட்டுக்காரரு வந்துடுவாரு. மழயோ புயலோ, ஒரு வாரம் தப்பனது கெடையாது. வேப்பமரத்தடியில பெஞ்சு. சாத்துக்குடி வாங்கிகினு வந்து அவரே தோலு உரிச்சி, கொட்ட எடுத்து, சொள சொளயா கையில வெப்பாரு. அப்பதாம்மா அந்த மனுசன் பேசனாரு! தறில நீட்டமா கட்டற பாவு நூலு இப்டி அறுந்துது, ஏரியில தண்ணி வந்துட்சி, எதுத்த வூட்டு மாடு கன்னு போட்டுட்சி, வாய் மூடாத சொல்லிகினே இருப்பாரு. எம் மூஞ்சிய மூஞ்சியப் பாப்பாரு. மணி அடிச்சி வார்டுக்குள்ள போவச் சொன்னாகூட கேட்டாண்ட நின்னுகினு இருப்பாரு. மத்த பொம்பளைங்களுக்கு வயித்தெரிச்சல். அங்க எத்தினியோ பேருக்கு, சேத்துட்டுப் போன புருசன் திரும்பி எட்டிக்கூடப் பாக்கல. ஒனக்கு வந்த வாழ்வப் பாரு கோமளான்னு சொல்லுவாங்கோ. நோவு வந்து கெடக்கறவளுக்கு வாழ்வு! ஆனா மெய்யிதான்.

ஆங், சொலவடைக்கு வரேன். வராண்டாவுல ஒரு சாய்வு நாற்காலி, வெயிலு மொதல்ல அங்கதான் வுழும். அது எம் எடம். ஒரு நாளு எக்ஸ்ரேவுக்குக் கூப்புட்டாங்கன்னு எழுந்து போனேன். வந்து பாத்தா பக்கத்து பெட்டு சர்வர் பேகம் ஒக்காந்துகினு சொகமா கண்ண மூடிகினு கீறா. அரக்கோணத்துப் பொம்பள. எழுந்துருன்னேன். பேரு எழுதி வெச்சிருக்கான்னா. நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, ரெண்டு பேருக்கும் இருமலு வந்து பேச முடியாத திட்டிகினு கெடந்தோம். சிஸ்டர் பிலாரு ஓடி வந்தாங்கோ, இடுப்புல கைய வெச்சிகினு சிரிக்கறாங்கோ. அப்ப சொன்னதுதான் இது. கியேன் ஃபுவே அ செவிய்யா. எல்லாரையும் ஒக்கார வெச்சி கதையும் சொன்னாங்கோ, அவுங்க ஒடஞ்ச தமிழ்ல. நாற்காலி போச்சி, அவன் அழுது, அழுதுன்னு. அழுதான்னு சொல்ல வராது அவுங்களுக்கு.

கதையா? சொல்றேன் கேளு. நாநூறு ஐநூறு வருசம் முந்தி. செவிய்யாவுல ஒரு பெரிய சாமியாரு. பாதிரிமாருக்கெல்லாம் தலைவரு. அவருக்குன்னு கோயில்ல நாற்காலி, அதிகாரம், அந்தஸ்து எல்லாம். அவரு கூடப்பொறந்தவ மவன், மருமான், அவனுக்கும் அதே பதவி கெடைக்குது, வேற ஊர்ல, எங்கியோ வடக்கால. ஆனா அந்த ஊர்ல ஒரே அடிதடி, கலாட்டா, சின்னவனால அடக்க முடியல. மாமன் சொல்றாரு, டேய், நீ சின்னப் பையன், நான் போயி ஒன் ஊர சரி பண்ணிக் குடுத்துட்டு வரேன், அது வரிக்கும் நீ எந் நாற்காலில ஒக்காந்துகினு இருன்னு. போனாரு. சரி பண்ணாரு. திரும்பி வந்தாரு. எழுந்துருடான்னாரு. மருமான் மாட்டேன்னுட்டான்! செவிய்யா நல்லா இருக்குது, நான் எழுந்துக்க மாட்டேன்னுட்டான். ஊரே ரெண்டாப் பூட்சி. ரோமாபுரி போப்பு ஓல அனுப்பி, அந்த தேசத்து ராஜாவே வந்து, மருமான் பக்கத்து ஆளுங்க சில பேரத் தூக்குல போட்டப்பறம்தான் மாமனுக்கு நாற்காலி திரும்பி வந்துதாம்.

அதுல ஒரு சங்கதி கீது. சிஸ்டரு சொன்னாங்கோ, ஜனங்க சொலவடைய மாத்திட்டாங்கன்னு. செவிய்யாவுக்குப் போனவன் எங்க எழந்தான்? செவிய்யாவ வுட்டுட்டுப் போனவந்தான எழந்தான்? பழைய பேச்சுல அப்டித்தான் இருந்துதாம். வாய்க்கு வாய் போயி திரும்பிகிட்சி. சர்வர் பேகம் விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சிகினே அந்த வாரம் எங்க வூட்டுக்காரருகிட்ட கூட சொன்னேன். அவரு சிரிக்கல. சாத்துக்குடி உரிச்சிகினு இருந்தாரு. எனக்கு ஒண்ணும் தோணல அப்ப.

கொழந்த அழுவுது பாரு. வெயிலு. ஜன்னல் பக்கம் புடி, காத்து வரும். ஆங், அப்டி.

நோவு போச்சின்னு அனுப்பிட்டாங்கோ. வூட்டுக்கு வந்தேன். வாசல் தெளிச்சி கோலம் போட்டிருந்துது. அம்சா ஆரத்தி எடுத்தா, கட்டிகினு அழுதா. நல்லாத்தான் அழுதா. சாப்ட்டு முடிச்சி தறி ஓட ஆரம்பிச்சிட்சி. நான் செவுத்துல சாஞ்சிகினு ஒக்காந்துகினு இருந்தேன், அவ எம் பலகயில ஒக்காந்து சுத்திகினு இருந்தா. அக்கா வந்துட்டாளேன்னு எழுந்துக்கல. சரி, களைப்பா வந்திருக்கறேன்னு வுட்டிருக்கறாளோன்னு நெனச்சேன். தாரு தீந்துட்சி. அவரு கை நீண்டுது. கூடைல ஒண்ணு கெடந்தது, பழக்கம், நான் எடுத்து நீட்டனேன். அவளும் நீட்டனா. ரெண்டு கை. அந்த மனுசன் திரும்பிப் பாக்கலம்மா. பாத்து எடுத்திருந்தா கூட ஆறியிருக்கும். பாக்காமயே அவ கையில இருந்தத எடுத்துகினாரு. கைக்குத் தெரியுது யாருதுன்னு. ஓடுது தறி, கடக் கடக்னு. எங் கையில இருந்த தார நான் திருப்பிக் கூடையில போட்டேன். அப்ப தெரிஞ்சிகிட்டேன். வேற எதையும் நான் பாக்கல, யாரும் எதையும் சொல்லல. எனக்கு அது போதும்.

டாக்டரு வேற சொல்லிட்டாரு, பஞ்சுத் தூசி பக்கம் போவாதன்னு. அதனால அவ இருந்தாதான் தறி ஓடும். அவ இருந்தா. ஊரு பேசுச்சி. எங்க நைனா ஓடி வந்தாரு, எங்கியாவது புடிச்சிக் குடுத்துடறேன்னு. அம்சா தலயக் குனிஞ்சிகினு, பாவாவத் தவிர யாரையும் கட்டிக்க மாட்டேன், கெணத்துல வுழுவேன்னா. பேசி முடிக்க பெரியவங்கள கூட்டனாங்கோ. வேதாசலம் முதலியாரு, எங்க தெருவுக்குப் பெரிய மனுசன், வெத்தலய மென்னுகினு சொல்றாரு, நம்ம மலமேல இருக்கறவருக்கே ரெண்டு பேரு, ஒனக்கின்னாம்மா, கூடப்பொறந்தவதான, கொழந்த வேற இல்லன்னு. எனக்குக் கோவம் வந்துட்சி. அவரு பக்கத்துல நிக்கற ரெண்டு பேரும் கல்லு மாமா, கல்லுக்கு வயிறு எரியாது, எனக்கு எரியுதுன்னேன். அத்தன ஆம்பளைங்க நடுவுல.

அப்ப எங்க வூட்டுக்காரரு வாயத் தொறந்தாரு. நீ வேணாம்னா வேணாம் கோமளா, அவள ஒங்க நைனாவோட அனுப்பிடறேன்னாரு. சொல்லிட்டு எம் மூஞ்சியப் பாத்தாரு. பாக்காத இருந்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேம்மா. அந்த மூஞ்சி இருந்த இருப்பு, அறுந்து போன பாவு மாதிரி தொங்கிகினு. என்ன ஆஸ்பத்திரில வுட்டுட்டுப் போன அன்னிக்கிகூட அப்டி இல்ல. என்ன வுட்டுட்டுப் போறப்ப இல்லாத மூஞ்சி, அவள அனுப்பணும்னப்ப வந்துது. வாயில வந்தத முழுங்கிட்டு, சரின்னுட்டேன்.

இந்த மலமேலதான் தாலி கட்டனாரு. எனக்கும் இங்கதான் கட்டனது. தட்டப் புடிச்சிகினு நின்னது நானு. பாத்தவங்கல்லாம் எவ்ளோ பெரிய மனசுன்னாங்கோ. மனசாவது மண்ணாவது. தாலிய முடி போடறப்ப அவ தலயக் குனியணுமில்ல, அவ சடைய நான் தூக்கிப் புடிச்சேன். அதுல என்னோட எண்ண வாசன வந்துது. நான் காச்சி வெச்சிட்டுப் போன எண்ண, அத்தயே தேச்சிகினு இருந்திருக்கறா.

அவ கெட்டவளான்னு கேக்கற. அதாம்மா பேஜாரு. கெட்டவளா இருந்தா நிம்மதியா திட்டிகினு இருப்பேன். எனக்குத் தனி டம்ளரு கூட வெக்க மாட்டா, நான் குடிச்ச டம்ளர்லயே குடிப்பா, பயமே கெடையாது. அக்கா, நீ குனியாத, அக்கா, நீ தூக்காதன்னு தொடப்பம் மொதக்கொண்டு எங் கையிலேந்து புடுங்கிடுவா. சோறு போட்டா மொத சோறு எனக்கு. எல்லா வேலயும் போச்சி. நான் அந்த வூட்ல பண்டிகைக்கு வந்த விருந்தாளி மாதிரி, மூணு வேளையும் தின்னுட்டு, அவுங்க ரெண்டு பேரு எப்டி பேசாமயே பேசிக்கறாங்கன்னு பாத்துகினு இருந்தேன். அவரு செம்ப எடுக்கணும்னு நெனச்சா செம்பு அங்க கீது. அவ கண்ணக் கசக்கனா அவரு வெளக்கத் தள்ளி வெக்கறாரு. எங்கண்ணு சும்மா இருக்குமா? சுவத்துக்கு அந்தப் பக்கம் சிரிப்பு சத்தம் கேட்டா வயிறு எரியும். சத்தம் கேக்கலன்னா அத்தவிட எரியும். அவரு எங்கிட்ட பேசறதே நின்னு போச்சி. வெக்கமோ இன்னாவோ, எம் மூஞ்சிய நிமுந்து பாக்கறதில்ல. ஒங்கக்கா சாப்ட்டாளா கேளு. ஒங்கக்காளுக்கு மாத்திர இருக்குதா கேளு. நான் அங்கியே ஒக்காந்துகினு இருப்பேன்!

போன தைல அம்சாவுக்கு நாளு தள்ளிப் போச்சி. நாந்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன், அவ சொல்றதுக்கு முந்தி. இப்ப வயிறு இம்மா இருக்குது.

அதுக்கு நடுவுல ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரேக்குப் போனப்ப சிஸ்டரு கேட்டாங்கோ, ஏன் மூஞ்சி இப்டி கீதுன்னு. சொன்னேன், எல்லாத்தயும். சொல்லிட்டு, சிஸ்டர், நான் செவிய்யாவ வுட்டுட்டுப் போனவ, நானே ஒக்கார வெச்சிட்டுப் போனவன்னேன். அவுங்க சிரிக்கல. எங் கையப் புடிச்சிகினு, அந்தக் கதைய நான் சொல்லியிருக்கக் கூடாதுன்னாங்கோ. அவுங்க இன்னா பண்ணுவாங்கோ பாவம். போப்பு ஓலையும் எனக்கு வராது, ராஜாவும் வர மாட்டாரு. வந்தாலும் யாரத் தூக்குல போடச் சொல்லுவேன்? சட பின்னி வளத்தவள? கெளம்பறப்ப வாசல் வரிக்கும் வந்தாங்கோ. இங்க பொம்பள வார்டுல ஆயா வேல காலியா கீது, தங்கறதுக்கு ரூமு கீது, யோசன பண்ணுன்னாங்கோ. புருசன் இருக்கறப்ப நான் ஏன் வேலக்கிப் போவணும்னு ரோசமா சொல்ட்டு வந்துட்டேன்.

தோ, இஞ்சின் போட்டுட்டாங்கோ. கெட்டியா புடிச்சிக்கோ, மொதல்ல ஒரு குலுக்கு குலுக்குவான்.

அப்பறமா? அப்பறம் இன்னா. இப்ப சமீபத்துல ஒரு நாளு சாப்ட்டுகினு இருக்கறேன். மெளகு ரசம். பொறையேறிடுச்சி. சாதா பொறைதான். கண்ணுல தண்ணி வந்து, மூச்சு புடிச்சிகினு, இருமு இருமுன்னு இருமறேன். தறி நின்னுட்சி. ஓடி வந்துட்டாரும்மா. அவ வரதுக்குள்ள இவரு வந்துட்டாரு. முதுகப் புடிச்சிகினு, எம் மூஞ்சியத் திருப்பி, பாக்கறாரு. எத்தினி நாளாச்சி அந்த மனுசன் எம் மூஞ்சியப் பாத்து! இன்னாடி கோமளா, மறுபடியுமான்னாரு.

ஆங்னு சொல்லிட்டேன்.

இல்லம்மா, நோவு இல்ல. எக்ஸ்ரேல ஒரு பொட்டு கூட இல்லன்னு சிஸ்டரே சொல்லிட்டாங்கோ. நீ கொழந்தய இந்தப் பக்கமே வெச்சிக்கலாம், பாவம், அங்க வெயிலு அடிக்குது. ஆயா வேலக்கித்தான் போறேன், சொல்லி அனுப்பிட்டேன், சிஸ்டரு சந்தோசமா வரச் சொல்லிட்டாங்கோ. வூட்லதான் தெரியாது, நோவுன்னே நெனச்சிகினு கீறாங்கோ. அவரு நானும் கூட வரேன்னு ஒரே பிடிவாதம். வேணாம், புள்ளத்தாச்சிய தனியா வுடாத, ஞாயித்துக்கெழம வான்னு சொல்லிட்டு வந்தேன். வருவாரு. சேத்த நாள்லேந்து ஒரு வாரம் தப்பாதவரு, இப்ப மட்டும் தப்புவாரா? சாயங்காலம் மணி அடிக்கற வரிக்கும் அவரு எனக்கு. அன்னிக்கி ஒரு நாளு அவ வாசப்படில ஒக்காந்துகினு, பஸ்ஸு வந்துச்சா, எறங்கனாரான்னு தெரு முக்கயே பாத்துகினு கெடக்கட்டும். பக்கத்து வூட்ல கேக்கட்டும், எங்க ஒங்க வூட்டுக்காரருன்னு. அக்காளப் பாக்கப் போயிருக்கறாருன்னு அவ வாயாலயே சொல்லட்டும்.

தூக்குல சோறு கட்டிக் குடுத்து அனுப்புவா, எனக்குத் தெரியும். நல்லவ. மொச்ச போட்டு கருவாட்டுக் கொழம்பு வெப்பா, அக்காளுக்குப் புடிக்கும்னு. அத்த அவரு கையால போடச் சொல்லி சாப்புடுவேன்.